உலைக்குப் போட்ட மாலை

படிக்காதவர் தவறு செய்தால் தவறு மட்டும்தான் நடக்கும். படித்தவர் தவறு செய்தால் அதற்கு முன்னால் ஒரு விளக்கவுரையும் நடக்கும். நான் அன்று பேசியது முக்கால் மணி நேரம். அதில் பாதி மோதிரத்தையும் வளையலையும் பற்றியது. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நான் சொன்னதற்குக் கீழ்ப்படிந்தார்கள். அதனால்தான் இன்றுவரை யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி அத்தான் பண்ணைக்காட்டில் ஒரு வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷினுக்கு வேண்டிய சக்கரம், பம்பு செட்டின் உதிரிப் பாகம், கேட்டுக்குக் கீல் என்று இரும்பில் எது உடைந்தாலும் தோட்டக்காரர்கள் அதைச் சாக்கில் கட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் அதை மண்ணில் அச்செடுத்து, இரும்பை உருக்கி ஊற்றி, புதிதாக வார்த்துக் கொடுப்பார்.

இந்த வேலையில் மண்தான் எல்லாம். அச்சு மண்ணில் ஈரம் கூடினால், உருகிய இரும்பை ஊற்றும்போது வெடித்துத் தெறிக்கும். குறைந்தால் அச்சு உதிர்ந்துவிடும். அத்தான் ஒரு பிடி மண்ணை வலது கையில் அள்ளி, இறுக்கி, விரிப்பார். மண் உடையாமல் நிற்க வேண்டும். அதன் மேல் உள்ளங்கை ரேகை பூராவும் பதிந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, "பத்தும்" என்பார், அல்லது "இன்னும் ஒரு செம்பு தண்ணி" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இதே சோதனைக்கு நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு கருவி வாங்கி வைத்திருந்தோம். அது பாதி நாள் பழுதாகிக் கிடக்கும். அத்தானின் கை பழுதானதே இல்லை, நான் வந்து சேருகிற வரை.

நான் அப்போது அடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். கொடைக்கானல் அட்டுவம்பட்டியிலிருந்து எம்.இ. வரை படித்த முதல் பெண் நான்தான் என்று எங்கள் அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வருவார். (உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. நானும் மறுத்ததில்லை.) என் எம்.இ. ஆய்வு இண்டக்சன் உலையைப் பற்றியது. உலையை நேரில் பார்த்தது இரண்டு தடவை. கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தடவை இரும்பை உருக்கியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் கரி உலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய இண்டக்சன் உலையை வாங்கி மலையேற்றினார். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (முக்கால் மணி நேரம் ஆகாது, பயப்பட வேண்டாம்.) செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். நடுவில் இரும்பைப் போடும் பாண்டம். சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது காந்தப் புலம் உண்டாகும். அது உள்ளே கிடக்கும் இரும்பைத் தீயே இல்லாமல் சூடாக்கி உருக்கிவிடும். குழாய்க்குள் தண்ணீர் ஓடிச் சுருளைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். சுருளுக்கு வெளிப்பக்கம், சுற்றிலும், மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த தூண்கள் நிற்கும். வெளியே வழிகிற காந்தப் புலத்தை வாங்கி, மறுபடி சுருளுக்கே திருப்பிவிடுவது அவற்றின் வேலை. புத்தகத்தில் காந்தக் கவசம் என்று இருக்கும். பட்டறையில் அதற்குப் பெயர் கட்டை.

உலையைப் பொருத்த வந்த டெக்னீஷியன் கிளம்பும்போது அந்தக் கட்டையைத் தட்டிக் காட்டி, "எதைக் கழட்டுனாலும் இதை மட்டும் கழட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் ஐ.டி.ஐ. படித்தவர். நான் எம்.இ. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

உலை மெதுவாக உருக்கியது. மலையில் கரண்டு வோல்டேஜ் இறங்கி ஏறி விளையாடும் என்பது ஒரு காரணம். அத்தான் எனக்கு போன் செய்து, "எஞ்சினியரம்மா, ஒனக்குத் தெரிஞ்ச சாமான்தேன இது? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அதில் பாதி கேலி, பாதி பெருமை. எனக்குப் பெருமை மட்டும்தான் காதில் விழும்.

போனேன். உலை ஓடும்போது பார்த்தேன், நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கட்டைகள் சூடாக இருந்தன. பிடித்துவிட்டேன்! இரும்புக்குப் போக வேண்டிய சூட்டைக் கட்டை தின்கிறது. கட்டையைக் கழற்றினால் அந்தச் சூடும் உள்ளே போகும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திறன் கூடியது. கூடாமல் என்ன செய்யும், என் கணக்கு சுருளின் விளிம்போடு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதாகவே அதில் வரவில்லை.

வீட்டு வாட்ச்மேன் சாப்பிடுகிறான் என்று கண்டுபிடித்து, அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, சோறு மிச்சம் என்று சந்தோஷப்படுகிற மாதிரியான கணக்கு அது. அத்தானிடம் அதைத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தத் தம்பி கழட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சே, புள்ள?"

"அவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிட்டுப் போறதுதான் அத்தான். ஏன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது."

"ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைக் கேட்டது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கட்டைகளைக் கழற்றினோம். கழற்றியது நானும் முனியாண்டி அண்ணனும். முனியாண்டி அண்ணன் அத்தானின் பட்டறையில் உலை பார்க்கிறவர். கரி உலைக் காலத்திலிருந்து இருக்கிறார். கட்டைகளை மூலையில் வரிசையாக நிறுத்தி வைத்தோம். மறுநாள் சுத்தியல், இடுக்கி, மண் சலிக்கிற சல்லடை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அண்ணன் அவற்றுக்கும் வைத்தார். அன்று அந்தப் பட்டறையில் பூஜைக்கு முழுத் தகுதியோடு இருந்தவை அவை மட்டும்தான்.

விஜயதசமி அன்று காலையில் புது முறையில் முதல் உருக்கு. புதுச் சோலி தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது என்று முனியாண்டி அண்ணன் சொல்ல, பங்குச் சாமியாரையும் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்வோம் என்று அக்கா சொல்ல, இரண்டும் நடந்தது. எங்கள் பட்டறையில் தீர்த்தமும் தேங்காயும் சண்டை போட்டதில்லை.

வெள்ளனே எழுந்து போய்விட்டேன். பனி இன்னும் மிளகுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்து சேர்ந்ததும் என் உரையைத் தொடங்கினேன். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற யாரும் உடம்பில் உலோக வளையம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. மோதிரம், காப்பு, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். முழு வளையமாக எது இருந்தாலும் காந்தப் புலம் அதற்குள் மின்சாரத்தை ஓடவிடும், ஓடினால் சுடும். இதைக் கரும்பலகை இல்லாத குறைக்கு, தரையில் கரித்துண்டால் வட்டம் போட்டு விளக்கினேன்.

அக்கா வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். முனியாண்டி அண்ணன் பழனியில் வாங்கிய செப்புக் காப்பைக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். அத்தானுக்கு வலது கை மோதிர விரலில் கல்யாண மோதிரம். பதினோரு வருஷமாகக் கழற்றாதது. சோப்புப் போட்டு, திருகி, தோல் சிவக்க இழுத்துக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். சாமியார் தாமாகவே கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னைப் பார்த்து, "போதுமா டீச்சர்?" என்றார். போதும் என்றேன். எனக்கு முன்னால் ஒரு வளையம்கூட மிச்சமில்லை.

எனக்குப் பின்னால் ஒன்று இருந்தது. நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் முனியாண்டி அண்ணன் உலையைச் சுற்றி ஒரு பெரிய செவ்வந்தி மாலையைக் கட்டி முடித்திருந்தார். கட்டும்போது அவர் சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நூலுல கட்டுனா சூட்டுக்குப் பொசுங்கி அத்து விழுந்துரும் தாயி. மாலை அத்து விழுகக் கூடாது பாருங்க. எப்பவும் கட்டுக்கம்பியிலதேன் கோத்து விடுறது."

"நல்லாருக்குண்ணே" என்றேன். பூவைச் சொன்னேன்.

கரி உலையில் அவர் செய்தது சரி. அனுபவத்தில் கண்டுபிடித்த நல்ல யோசனை. கட்டை இருந்திருந்தால் இந்த உலையிலும் ஒன்றும் ஆகியிருக்காது. வெளியே வருகிற புலத்தைக் கட்டையே வாங்கித் திருப்பியிருக்கும். கம்பி சும்மா பூவைச் சுமந்துகொண்டு நின்றிருக்கும். நான் கட்டையைக் கழற்றியிருந்தேன். உலையைச் சுற்றி இரும்புக் கம்பியில் முழு வட்டம், முனை இரண்டும் முறுக்கி இறுக்கியது. நான் தரையில் கரித்துண்டால் போட்டுக் காட்டிய அதே படம்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். தேங்காய் உடைந்தது. நான் சுவிட்சைப் போட்டேன்.

மீட்டர் முள் நன்றாக ஏறியது. "பாருங்க அத்தான், லோடு எப்படி எடுக்குதுன்னு!" என்றேன். எடுத்தது என்னவோ உண்மை. எங்கே போகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. உலையின் சட்டத்துக்கும், சட்டத்தின் போல்ட்டுக்கும், மாலைக்கும் போய்க்கொண்டிருந்தது. பாண்டத்துக்குள் இரும்பு குளிர்ந்து கிடந்தது; வெளியே பூ வெந்துகொண்டிருந்தது.

புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்தேன். (சாம்பிராணியை யாருமே கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருக்கலாமே என்று அரை மணிக்கு முன்னால் சொன்னவளே நான்தான்.) சாமியாரிடம் திறன் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, "டீச்சர், அந்த மாலை..." என்றார். "ஒரு நிமிஷம் ஃபாதர்" என்றேன்.

திரும்பியபோது மாலை எரிந்துகொண்டிருந்தது. பூவுக்கு நடுவில் கம்பி சிவப்பாகத் தெரிந்தது. அதன் ஒரு பக்கம் சரிந்து, சுருளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல் விழப் பார்த்தது. ஹோஸ் எரிந்து தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்பது பட்டறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கரண்டு ஓடுகிற உலையும் தண்ணீரும் சேரக் கூடாது. அதற்கு நேர் எதிரே அக்கா நின்றாள்.

அத்தான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் மாலையை வலது கையால் பிடித்து இழுத்தார்.

உலையை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றின் இலை அதை மறைத்திருந்தது என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மறைத்திருந்ததும் உண்மைதான். ஆனால் நான் அதைத் தேடவே இல்லை. "தொடாதீங்க அத்தான், வளையம், வளையம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் பாடம்தான் நடத்தினேன். இலையைக் கிழித்து எறிந்து பொத்தானை அடித்தவர் முனியாண்டி அண்ணன். அதற்குள் அத்தானின் இழுப்பில் கம்பி அறுந்துவிட்டது. அறுந்த கம்பி அவருடைய உள்ளங்கையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனையை நான் எழுதப் போவதில்லை.

ஜீப்பில் மலையிறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அக்கா அவர் பக்கத்தில், நான் பின்னால். ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து, "இரும்பு உருகிருச்சா புள்ள?" என்று கேட்டார். உருகவே தொடங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் நர்சம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதுல சுட்டுச்சு?" என்றார்.

"மாலையில" என்றாள் அக்கா.

"நேரம் கேக்கலம்மா. எது சுட்டுச்சு?"

"மாலைதேன். செவ்வந்தி மாலை."

நர்சம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். நெற்றியில் சந்தனம், சட்டையில் தீர்த்தம் தெளித்த ஈரம், கையில் கம்பி. படித்தவள் மாதிரி தெரிந்ததால் என்னிடம் கேட்டார். நான் காந்தப் புலத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

டாக்டர் பார்த்துவிட்டு, காயம் ஆறிவிடும், ஆனால் உள்ளே நரம்பு எவ்வளவு போயிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கை மூடுமா என்று அக்கா கேட்டாள். மூடலாம் என்றார். தொட்டால் தெரியுமா என்று அத்தான் கேட்டார். அதற்கு டாக்டர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

வராந்தாவில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். என்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வளையல்களுக்கு நடுவிலிருந்து அந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இதக் கழட்டச் சொன்னியே, அது ஒண்ணு நல்லதாப் போச்சுடி. வெரலு வீங்கிக் கெடக்கு. போட்டுருந்தா வெட்டித்தேன் எடுத்துருக்கணும்."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். அந்த மோதிரம் பிறகு அத்தானின் விரலில் ஏறவே இல்லை. இப்போது அக்காவின் தாலிக் கயிற்றில் கிடக்கிறது.

அடுத்த வாரம் நானே போய்க் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினேன். ஒவ்வொரு போல்ட்டையும் நானே முடுக்கினேன். முனியாண்டி அண்ணன் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் அந்த ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தார். "நாந்தேன் தாயி கம்பியில கட்டுனேன்" என்றார். "கட்டையக் கழட்டுனது நான்ணே" என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் பழியைப் பங்கு போட்டுப் பார்த்தோம். பெரிய பங்கு எனக்குத்தான் வந்தது. உலையை ஓட்டிப் பார்த்தபோது சட்டம் கைவைக்கிற சூட்டில் இருந்தது. இரும்பு பழையபடி உருகியது. மெதுவாகத்தான். வோல்டேஜ்தான் காரணம். டெக்னீஷியனுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதுக்குத்தாங்க மேடம் சொல்லிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. என்னைவிட இரண்டு வரி குறைவாகச் சொல்லி விளக்கினார்.

அத்தானின் கை ஆற மாதக்கணக்கானது. அமுக்கிப் பழக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அவர் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நான் அங்கே போயிருந்தபோது பட்டறையிலிருந்து குரல் வந்தது.

"எஞ்சினியரம்மா, வெரசா வா."

மண் குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மூடியிருந்தது. மெதுவாக விரித்தார். மண் உடையாமல் நின்றது. அதன் மேல் ரேகை எல்லாம் பதிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் குறுக்கே, அடி ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக, புதிதாக ஒரு கோடு.

"மத்ததெல்லாம் ஆண்டவரு போட்டது" என்றார். "இது நீ போட்டது. நல்லா நேராத்தேன் போட்டுருக்க."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்புறம் அந்த மண்ணை என் பக்கம் நீட்டினார்.

"ஈரம் பத்துமா, பாத்துச் சொல்லு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

கையில் வாங்கினேன். எனக்கும் தெரியவில்லை. எம்.இ.யில் அது கிடையாது. அக்காவைக் கூப்பிட்டோம். அவள் வந்து, சப்பாத்தி மாவு பார்ப்பது போல ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு செம்பு" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் மண்ணுக்கு ஈரம் பார்ப்பது அக்காதான். தோட்டக்காரர்கள் இப்போது "அக்கா பத்தும்னு சொல்லிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. கோவிலில் திருப்பலி முடிந்து மண்டபத்தில் மாலை மாற்றுகிற நேரம். என் கையில் மாலையைக் கொடுக்கப் போகும்போது அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். மாலையை வாங்கி, பூவுக்குள் விரலை விட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"நூலுதேன் மாப்ளே. தைரியமாத் தலையக் குடுங்க."

எங்கள் சொந்தத்தில் அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணமானாலும், சாவு வீடே ஆனாலும், மாலை வந்தால் யாராவது ஒருவர், "அந்தோணியக் கூப்பிடு, நூலா கம்பியான்னு பாக்கணும்" என்பார். அவரும் வந்து பார்த்துச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் தடவிப் பார்ப்பது எப்போதும் இடது கையால்தான். வலது கையால் தொட்டால் அவருக்கு நூலும் கம்பியும் ஒன்றுதான்.